பாசாங் ஏறும் நேரம்

தம்பிகளே,

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கைக்குப் பேனா அடங்கவில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்பதில் எனக்கு இன்றும் தகராறுதான். பிழை கண்ட இடத்தில் மனதுக்குள் திருத்திக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நான்தான் பக்கத்தில் இல்லையே.

கண் பார்வை மங்கி நான் தேயிலை பாக்டரி லோரியை விட்டு இறங்கியபோது, லோரி நிறுத்தும் செட்டில் எனக்குப் பிரியாவிடை வைத்தீர்கள். பேசச் சொல்லிக் கை தட்டினீர்கள். எழுந்து நின்றேன். கறிபாப் தட்டைப் பார்த்தேன், தகரக் கூரையைப் பார்த்தேன், “பாத்து ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது புதிதாக வந்த ஒரு தம்பி கேட்டார்.

“அண்ணே, பனி ஏறினா நம்ம செட்டுல பாசாங் ஏறுதுன்னு சொல்றோமே, ஏண்ணே? ரிங்லெட் பக்கம் யாருமே அப்படிச் சொல்றதில்லையே.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் இன்னொரு தம்பி பதில் சொல்லிவிட்டார்.

“அதான்லா, மழை மாதிரியே வந்து நின்னுட்டு, பெய்யாம ஏமாத்திட்டுப் போவுதுல்ல? பாசாங்கு பண்ணுது. அதான் பாசாங்.”

எல்லாரும் ஒப்புக்கொண்டீர்கள். நல்ல விளக்கம்தான், நானே ரசித்தேன். ஆனால் அது இல்லை. சரியான விளக்கம் அன்று வாயில் வரவில்லை. கையில் வருகிறதா பார்க்கிறேன்.

பிரேக், கியர், தாப்பா ரோட்டு வளைவு இதையெல்லாம் எழுதப் போவதில்லை. அது உங்கள் காலுக்குத் தானாக வந்துவிடும். நான் தண்ணீரைப் பற்றித்தான் எழுதுகிறேன். நாமெல்லாம் மலையில் பிறந்தவர்கள். தண்ணீர் மேலேயிருந்து கீழே வரும் என்பது மட்டும்தான் நமக்குத் தெரியும்.

எனக்கு முன்னால் அந்த லோரியை ஓட்டியவர் ஒருவர். அவர் பெயரை எழுதமாட்டேன். தீபாவளி வாழ்த்து அட்டையில் தன் பெயரைப் பார்த்தாலே “எதுக்குலா இதெல்லாம்” என்பார். நான் அவரோடு ஏற்றி இறக்கும் ஆளாக, அதாவது கெலிண்டானாகப் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு நாள் நல்ல மழை. தாப்பா ரோட்டில் ஒரு வளைவுக்கு முன்னால் லோரியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கினார். மழை உள்ளே அடித்தது.

“என்னண்ணே?”

“சும்மா இரு. ஓடை எங்க?”

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அந்த மழைக்கு ரோட்டோரத்து ஓடை இரைந்துகொண்டு போயிருக்க வேண்டும். சத்தமே இல்லை.

“மழை பெய்யுது, ஓடை பேச மாட்டேங்குது. மேல எதுவோ தண்ணியப் புடிச்சி வச்சிருக்கு,” என்றார். பின்னால் காய்கறி லோரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் பிளாஸ்க்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றி எனக்கும் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் எதிரே மலையின் ஒரு பக்கம் இறங்கியது. மரங்கள் விழவில்லை. நின்றபடியே, ஊர்வலம் போகிற மாதிரி மெதுவாக ரோட்டைக் கடந்து பள்ளத்துக்குள் போயின. கனவில் பார்ப்பது போல இருந்தது.

“சத்தம் போட்டா, எங்க இருக்குன்னாவது தெரியும்லா,” என்றார் அவர். பிளாஸ்க்கை மூடினார்.

பிறகு அவர் ஓய்வெடுத்தார். நான் ஓட்ட வந்தேன், காத்தான் எனக்குக் கெலிண்டானாக வந்தான். கடற்கரைப் பக்கத்துக் கடைகளுக்குத் தேயிலைப் பெட்டி இறக்குவது எங்கள் வேலை. தாப்பா இறங்கி, தெலுக் ஆன்சன் தாண்டி, பாகான் டத்தோ வரைக்கும் வாரம் ஒரு தடவை. தெலுக் ஆன்சனுக்கு அப்போது தெலுக் இந்தான் என்று பெயர் மாற்றியிருக்கவில்லை.

அந்தப் பயணங்களில்தான் எனக்குக் கல்யாணமும் அமைந்தது. என் மனைவி பவளம் பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் பிறந்தவள். அங்கே கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஒரு நீளமான மண்கரைதான் இருக்கும். பண்டு என்பார்கள். கடல் ஏறும் நேரத்தில் அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கத்து வீட்டு ஜன்னலைவிட உயரத்தில் நிற்கும் என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். நான் நம்பவில்லை. தண்ணீர் அப்படி நிற்குமா?

மலைக்கு வந்த பிறகும் அவள் அரிசிப் பானையைத் தரையில் வைத்ததில்லை. பலகை அடித்து மேலே வைப்பாள். விறகும் மேலேதான். பக்கத்து வீட்டு அக்கா கேலி பண்ணுவார்.

“ஏண்டி பவளம், இந்த மலைக்கு எந்தக் கடலுடி வரப்போவுது?”

“வந்தா ஒங்க பானைதான்கா மொதல்ல மிதக்கும்.”

காலையில் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிறைந்திருக்கும். அவள் வாசலில் நின்று அது எந்தத் தேயிலை வரிசை வரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பாக்டரிக் கூரை மட்டும் ஒரு படகு போல வெளியே தெரியும். எதைப் பார்க்கிறாய் என்று நான் கேட்டதில்லை. எங்கள் இருவருக்குமே பேச்சு குறைவு.

பவளத்தின் அப்பா, என் மாமனார், பண்டை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார். ஒரு காலத்தில் பண்டில் மழைத் தண்ணீரைக் கடலுக்கு வடிக்கும் கதவைத் திறந்து மூடியவர். வருஷத்துக்கு வருஷம் அவருடைய கிணற்றில் உப்பு ஏறிக்கொண்டே வந்தது. “தேத்தண்ணி போட்டா கோப்பைக்குள்ள சீனியும் உப்பும் சண்டை போடுது மாப்ள,” என்பார். பைப்புத் தண்ணீர் கேட்டு எழுதிப் போட்டு, கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தார். அதனால் ஒவ்வொரு வாரமும் மலைத் தண்ணீரை ஒரு டின்னில் பிடித்து லோரியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகுதான் குடிப்பார்.

தீபாவளிக்கு முந்தின மாதம். கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி என்னைக் கூப்பிட்டு விட்டார். நம்மோடு தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, படித்து மேலே வந்தவர்.

“ஒன் மாமனார் ஊர் கடையிலேர்ந்து போன் வந்துச்சுய்யா. மலாய்க்காரப் பையன் பேசினான். லூசா, ஆயேர் பாசாங் பெசார், ஒன் மாமனார்கிட்ட... அதுக்குள்ள லைன் கரகரன்னு போயிருச்சு.”

லூசா என்றால் நாளை மறுநாள். ஆயேர் என்றால் தண்ணீர். பெசார் என்றால் பெரியது. பாசாங்? அது நமக்குத் தெரியாத சொல்லா என்ன? டயர் பாசாங், விளக்குக்கு லம்பு பாசாங், மீட்டர் பாசாங். மாட்டுவதுதான் பாசாங்.

“பெசார்னா பெரிய பைப்பாவே மாட்டுறானுங்க போல,” என்று கிராணி சிரித்தார். “யோகந்தான்யா ஒன் மாமனாருக்கு.”

எனக்கும் அப்படித்தான் கேட்டது. மலையில் இருக்கிற யாருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். வீட்டுக்குப் போய், “ஒங்கப்பா வூட்டுக்கு லூசா பைப்பு மாட்டுறாங்களாம்,” என்றேன். பவளத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கே அதிரசத்துக்கு மாவு இடித்தாள். நான் தானா ராத்தா டவுனுக்குப் போய் நல்ல கனமான பித்தளைக் குழாய் ஒன்று வாங்கினேன். பைப்பு போடுகிறவர்கள் மட்டமான குழாயைத்தான் மாட்டுவார்கள். மாமனார் கையால் திறப்பது நல்லதாக இருக்கட்டும் என்று ஓர் ஆசை.

லூசா வந்தது. எங்கள் வழக்கமான பயண நாளும் அதுதான். விடியற்காலை, பெட்டிகளை ஏற்றிப் படுதா கட்டியாகிவிட்டது. பவளம் அதிரச டப்பாவோடு செட்டுக்கு வந்தாள். காத்தான் விடவில்லை.

“வழி விடுங்க, வழி விடுங்க! பைப்புத் தொறக்க மினிஸ்டர் கெளம்பிட்டாரு. ஏண்ணே, ரிப்பன் வெட்டக் கத்தரி எடுத்தாச்சா?”

பவளம் சிரித்தாள். “யாரு போன் பண்ணது? அந்தக் கடைப் பையனா?”

“ஆமா,” என்றேன். “ஆயேர் பாசாங் பெசார்னு சொன்னானாம்.”

அவள் சிரிப்பு நின்றது.

“என்ன சொன்னான்? அப்படியே சொல்லுங்க.”

“லூசா, ஆயேர் பாசாங் பெசார்.”

“ஐயோ,” என்றாள். “ஏங்க, அது பைப்பு இல்லங்க. எங்க ஊர்ல கடலு ஏறுறதுதான் பாசாங். பெரிசா கடலு ஏறப்போவுது, அப்பாவ வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்லியிருக்கான்.”

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். டிரைவர் என்பவன் சரக்கை மட்டும் கொண்டுபோகிறவன் இல்லை. மலையிலிருந்து கீழேயும் கீழேயிருந்து மலைக்கும் செய்தி கொண்டுபோகிறவனும் அவன்தான். யாராவது ஒரு செய்தி சொன்னால், சொன்ன வார்த்தையிலேயே கொண்டுபோங்கள். உங்களுக்குப் புரிந்ததைக் கொண்டுபோகாதீர்கள். அந்த மலாய்ச் சொற்களை நான் முதல் நாளே அப்படியே சொல்லியிருந்தால், பவளம் மாவு இடித்திருக்கமாட்டாள்.

பாக்டரி லோரியில் பெண்கள் ஏறக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். நான் காத்தானைப் பார்த்தேன். காத்தான் தன் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

“அண்ணி, ஏறுங்க. நான் பின்னால பெட்டியோட படுத்துக்கறேன். நானும் ஒரு பெட்டிதானே.”

மலை இறங்க இறங்க வானம் வெளுத்தது. ஒரு மேகம் இல்லை. தெலுக் ஆன்சன் தாண்டியும் வெயில்தான், தார் ரோடு பளபளத்தது. எனக்குச் சந்தேகம் வந்தது.

“பவளம், மழை பேயுற மாதிரியே இல்லையே?”

“மேலயே பாக்காதீங்க. அது மேலேர்ந்து வராது.”

கடைவீதிக்குப் போனபோது, வழக்கமாக நாங்கள் காப்பி குடிக்கும் கடையின் மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், அந்த நல்ல வெயிலில் பெஞ்சுகளைத் தூக்கி மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை வீசினார். “செப்பாட், செப்பாட்! ஆயேர் சுடா நைக்!” சீக்கிரம் போ, தண்ணீர் ஏறிவிட்டது என்கிறார். எனக்கு எங்கேயும் தண்ணீர் தெரியவில்லை.

அங்கேயிருந்து தென்னைகளுக்கு நடுவே ஒரு செம்மண் ரோடு பண்டு வரைக்கும் போகும். கிளை பிரியும் இடத்தில் கொஞ்சம் மேடாக ஒரு சின்னக் கோயில். அதைத் தாண்டினால் ரோடு தாழ்வு. அந்தத் தாழ்வில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர், சாம்பல் நிறத்தில், மேலே தென்னை மட்டைகளின் நிழலோடு அழகாகக் கிடந்தது. இந்தத் தண்ணீர் நம் லோரிக்கு ஒரு பொருட்டா? கியரை மாற்றினேன்.

மாற்றிய கை அப்படியே நின்றுவிட்டது. ஏதோ சரியில்லை. எஞ்சினை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினேன். காதைக் கொடுத்தேன்.

சத்தமே இல்லை. தண்ணீர் இருக்கிறது, நகர்கிறது, சத்தம் மட்டும் இல்லை. அப்போதுதான் ரோட்டோரத்து வாய்க்காலைப் பார்த்தேன். அதில் ஒரு காய்ந்த தேங்காய் மட்டை மிதந்து வந்தது. கடலைப் பார்த்துப் போகவேண்டிய வாய்க்கால். மட்டை என்னைத் தாண்டி மலைப் பக்கமாகப் போனது. யாரோ தூங்குகிறவரை எழுப்பாமல் போகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக.

தாப்பா ரோட்டு ஓடை நினைவுக்கு வந்தது. சத்தம் போடாமல் இருப்பது எங்கேயோ எதுவோ பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். இதற்குப் பின்னால் முழுக் கடல் நிற்கிறது.

“லோரி இதுக்கு மேல போகாது,” என்றேன்.

“என்னண்ணே, இவ்ளோ தண்ணிக்கா? மாமனார் வாசல்லயே போய் நிறுத்தலாம்,” என்றான் பின்னாலிருந்து இறங்கி வந்த காத்தான்.

“உள்ள போய் மாட்டிக்கிட்டா ரோட்டையே அடைச்சிரும். உள்ள இருக்கவங்க எல்லாரும் இந்த ஒரு ரோட்டுலதான் வெளிய வரணும். நீ இங்கயே நில்லு. வர்றவங்கள ஏத்து.”

என் ஆயுசில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியது அதுதான். லோரியைத் திருப்பி, முகத்தை ஊர்ப் பக்கம் வைத்து, கோயில் மேட்டில் நிறுத்தினேன். நானும் பவளமும் இறங்கி நடந்தோம். எதிரே சைக்கிளில் மூட்டையோடு ஆட்கள் வந்தார்கள். ஓர் ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். யாரும் கத்தவில்லை. எல்லாரும் கோயில் திருவிழா முடிந்து போகிறவர்கள் போல நடந்தார்கள்.

மாமனார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலிக் கால்கள் தண்ணீருக்குள். அவர் கால்களைத் தூக்கிக் குறுக்குச் சட்டத்தின்மேல் வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் பண்டு. பண்டின் உச்சியில் ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு, வெயிலில் மின்னியது. கடல் அந்த உயரத்துக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பவளம் கல்யாணமான புதிதில் சொன்னது உண்மைதான்.

“வாங்க மாப்ள. தண்ணி டின்னு எங்க?”

“அப்பா, எந்திரிங்க. போலாம்.”

“எங்க போறது? சாயங்காலந்தான் முழுசா ஏறும். அப்பறம் எறங்கிரும். எத்தன தடவ பாத்துருக்கேன்.”

“இவ்ளோ ஏறிப் பாத்துருக்கீங்களா? மேல பாருங்க, விளிம்புக்கு வந்துருச்சு. காத்து வேற அடிக்குது.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “ஒங்க மலையில தண்ணி விழும். இங்க தண்ணி வரும். வந்தது போயிரும். இந்த வூட்ட வுட்டுட்டு நான் எங்க போயி உக்காருவேன்? நீங்க போங்க மாப்ள, இவளக் கூட்டிட்டுப் போங்க.”

பவளம் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அழுதாள். திட்டினாள். “செத்துப் போனா யாருக்கு லாபம்?” என்றாள். அவர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் சத்தமில்லாமல் என் முழங்காலுக்கு வந்தது. பண்டின் மேலே அந்த வெள்ளிக் கோடு ஓர் இடத்தில் உடைந்து, இந்தப் பக்கம் நூல் போல வழியத் தொடங்கியது.

நான் ஏதாவது சொல்லவேண்டும். சட்டைப் பையில் கனமாக ஏதோ இடித்தது. எடுத்து நீட்டினேன். பித்தளைக் குழாய்.

“என்னா மாப்ள இது?”

“பைப்பு வருதுன்னு நெனச்சேன் மாமா,” என்றேன். “ஆயேர் பாசாங்னு சொன்னாங்க.”

குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. நாற்காலியைப் பிடித்திருந்த கை தானாக விட்டுவிட்டது. குழாயை வாங்கினார், தண்ணீருக்குள் நின்றபடி அதைத் திருகித் திருகிப் பார்த்தார்.

“இத நான் எங்க மாட்டுறது? கடல்லயா?”

“மலையில மாட்டலாம்பா,” என்றாள் பவளம், கண்ணீரோடு சிரித்துக்கொண்டே.

“நல்ல கனந்தான்,” என்றார். குழாயை மடியில் செருகிக்கொண்டார். “சரி, வா. இதுக்கு ஒரு எடம் பாப்போம்.”

வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

நாங்கள் கோயில் மேட்டில் ஏறும்போது கீழே தாழ்வில் இடுப்பளவு தண்ணீர். காத்தான் படுதாவை அவிழ்த்து, தேயிலைப் பெட்டிகள்மேல் ஒரு ஊரையே உட்கார வைத்திருந்தான். ஆடும் இருந்தது. “ஏண்ணே, டிக்கட் யாரு கிழிக்கறது?” என்றான். லோரி மேட்டைவிட்டு இறங்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். பண்டு உடையவில்லை. கடல் அதன் மேலாகவே, ஒரு வெள்ளைத் துணியை மடித்துப் போடுவது போல, நிதானமாக இந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

மலைக்குத் திரும்பியதும் துரை கூப்பிட்டு, பெட்டி ஏன் நனைந்தது என்று கேட்டார். “கடலு வந்துருச்சு தொரெ,” என்றேன். ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “போ” என்றார்.

தண்ணீர் வடிந்த பிறகு மாமனார் ஒரு தடவை என்னோடு கீழே வந்தார். வீட்டுத் தரையில் நண்டு ஓடியது. சுவர் இல்லை. கடலோரத்துத் தென்னைகள் உப்பில் தலை கருகி நின்றன. பார்த்துவிட்டு, “போலாம் மாப்ள” என்று லோரியில் ஏறிக்கொண்டார். பண்டை உயர்த்திக் கட்டினார்கள். கொஞ்ச வருஷத்தில் கடலும் உயர்ந்தது. மறுபடி உயர்த்தினார்கள். உலகம் சூடாகிறது, கடல் ஏறுகிறது என்று இப்போது ரேடியோவில் சொல்கிறார்கள். வாரம் ஒரு தடவை போய் வந்த எனக்கு அது புதிதாக இல்லை. முதலில் கோயிலுக்கு முன்னால் காய்ந்திருந்த மண், பிறகு ஈரமானது, பிறகு சேறானது. அந்தக் கோயிலை இப்போது உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள்.

அன்று லோரியில் மலைக்கு வந்த மறுநாள் காலையில் மாமனார் எங்கள் வாசலில் வந்து நின்றார். பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. பாக்டரிக் கூரை மட்டும் படகு போல. அவர் சட்டென்று பதறி, உரக்க, “பாசாங்! பாசாங்!” என்று கத்தினார். லயத்தில் எல்லாரும் ஓடி வந்தார்கள். பிறகு அது பனி என்று அவருக்கே புரிந்து வெட்கப்பட்டுச் சிரித்தார். காத்தான் அதைப் பிடித்துக்கொண்டான். “அண்ணே, பாசாங் ஏறிருச்சு, லம்பப் போடுங்க” என்று தினமும் சொல்ல ஆரம்பித்தான். செட்டு முழுக்கப் பரவியது. அதுதான் நீங்கள் சொல்கிற சொல்.

அந்தப் பித்தளைக் குழாயும் உங்களுக்குத் தெரியும். லோரி செட்டில் நீங்கள் கை கழுவும் குழாய்தான். மாமனாரே ஸ்பேனர் பிடித்து மாட்டினார். திறந்து, முகர்ந்து பார்த்து, ஒரு வாய் குடித்துவிட்டு, “இப்பத்தான் மாப்ள சரியான ஆயேர் பாசாங்,” என்றார். அவர் போய்ச் சேரும் வரை தினமும் அங்கே வந்துதான் தண்ணீர் குடித்தார்.

இதை எழுத உட்கார்ந்து பல நாட்களாகிவிட்டன. இன்று முடிக்க வேண்டும் என்று விடியற்காலையில் எழுந்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை. பவளம் அரிசிப் பானையை எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் நின்றாள். என்னவென்று கேட்டேன். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

“ஏங்க, பாசாங் ஏறுது.”

12.11.1988, சனிக்கிழமை, காலை.